கண்ணில் ஒற்றிக்கொண்ட பாப்பிரஸ்

1

போன செவ்வாய்க்கிழமை வீட்டு வாசலில் ஒரு பார்சல் கிடந்தது. பிரித்தால் கனமான ஒரு புத்தகம். நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிற பாப்பிரஸ் ஏடுகளில் நாற்பதைப் படித்துப் பதிப்பித்திருக்கிறார் ரேச்சல் என்கிற ஆய்வாளர். அவரே அனுப்பியிருந்தார். அட்டையில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்: "மீனா, இணையப் பதிப்பு அடுத்த மாதம் வருகிறது. திருத்தம் ஏதாவது இருந்தால் இந்த மாத முடிவுக்குள் சொல்."

பாப்பிரஸ் என்றால் என்ன என்று ஊரில் பலருக்கும் போனில் விளக்கியிருக்கிறேன். நைல் நதியோரம் வளர்ந்த ஒருவகைக் கோரை. தண்டைக் கீறி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, தட்டிக் காயவைத்தால் எழுதும் தாள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் எகிப்தில் கிரேக்க மொழியில் வரி ரசீது முதல் காதல் கடிதம் வரை எல்லாம் அதில்தான். அவை தூளாகிப் போகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பிரிவின் வேலை. இவ்வளவும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் அண்ணி இன்றைக்கும் எல்லோரிடமும், "மீனா அங்க பழைய பேப்பர் கடையில வேலை பாக்குறா" என்றுதான் சொல்கிறாள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். ரேச்சலின் நாய் உண்டு. நான் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். நேராக இருபத்தேழாம் ஏட்டுக்குப் போனேன். முதல் வரியின் தொடக்கத்தில் ஒரு சதுர அடைப்பு, அதற்குள் இரண்டு புள்ளி. இந்த இடத்தில் இரண்டு எழுத்துகள் அழிந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். கீழே குறிப்பு: கடிதத்தை எழுதியவர் பெயரை இனி அறிய வழியில்லை.

அந்த இரண்டு எழுத்துகளை அழித்தவள் நான். அவற்றைக் கண்ணால் பார்த்த ஒரே ஆளும் நான்தான். அறிய வழியில்லை என்று அச்சடித்துவிட்டார்கள்.

2

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. சிவகாசிப் பெண், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, கல்யாணமாகி ஃப்ரீமான்ட் வந்தபோது டிபென்டன்ட் விசா. சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது, சும்மா வேலை பார்க்கலாம். அமெரிக்க அரசாங்கத்துக்கு எங்கள் உழைப்பில் ஆட்சேபம் இல்லை, கூலியில்தான் ஆட்சேபம். கணவர் காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போனபின் நான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரயிலேறிப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தன்னார்வலராகப் போகத் தொடங்கினேன்.

முதல் நாள் பசை காய்ச்சச் சொன்னார்கள். கோதுமை மாவுப் பசை. காலண்டர் ஒட்டுகிற ஊரில் பிறந்தவளிடம் பசை காய்ச்சச் சொன்னால் என்ன ஆகும். அங்கே தலைமைப் பாதுகாப்பாளராக இருந்த டயான் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுநாளே இடுக்கியைக் கையில் கொடுத்தார்.

நாலு வருஷம் சும்மா உழைத்தேன். கிரீன் கார்டு வந்தபின் உதவியாளர், இரண்டாம் நிலை என்று வேலை கொடுத்தார்கள். முதலாம் நிலைக்குப் பட்டம் வேண்டுமாம், என் பட்டம் அந்தப் பட்டம் இல்லையாம். பரவாயில்லை என்று இருந்தேன். ஏனென்றால் அந்த மேஜை எனக்குப் பிடித்திருந்தது. எகிப்தில் செத்தவர்களைச் சுற்றப் பழைய கடிதங்களையும் ரசீதுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அட்டை செய்திருக்கிறார்கள். அந்த அட்டைக்கு மெல்ல ஈரப்பதம் கொடுத்து, ஏடு ஏடாகப் பிரித்து, நார் நாராக நேராக்கி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைக்க வேண்டும். கையுறை கிடையாது. சுத்தமான வெறும் விரல்தான், அதற்குத்தான் நார் எங்கே முறியும் என்று தெரியும். கிரேக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் எழுத்துகள் தெரியும். பன்னிரண்டு வருஷம் தினமும் பார்த்தால் எருமைக்கும் தெரியும்.

3

அது நாலு வருஷத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை காலை. இருபத்தேழாம் ஏடு ஒரு கடிதம். வெளியூரில் பிழைக்கப் போனவன் தங்கைக்கு எழுதியது. அதை ரேச்சல் ஏற்கெனவே படித்து எனக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். 'இது நான்காவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் செத்துப்போனேன் என்று முடிவு கட்டிவிட்டீர்களா? சின்னவள் நடக்கிறாளா? என்னை யார் என்று கேட்கிறாளா?' கேட்ட அன்றைக்கு ரயிலில் வரும்போது அழுதேன். எல்லாம் இருந்தது, எழுதியவன் பெயர் இருக்கும் முதல் மூலை மட்டும் இல்லை. பெயரின் பின்பாதி இருந்தது, முன்பாதி பிய்ந்துபோயிருந்தது.

அந்த மூலைதான் அன்றைக்கு வேறொரு ஏட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு என்னிடம் வந்தது. கட்டைவிரல் நகம் அளவு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நாரின் நிறமும் கிழிந்த விளிம்பும் பொருந்தின. அதில் இரண்டே எழுத்து. ஒன்று சமோசா மாதிரி முக்கோணம். பக்கத்தில் இட்லித் தட்டில் அடுத்தடுத்த இரண்டு குழி மாதிரி ஒன்று. ஏற்கெனவே இருந்த பின்பாதியோடு சேர்த்துப் பார்த்தேன். பெயர் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நானே படித்த முதல் கிரேக்கப் பெயர்.

விட்டுப்போன மூலை கிடைத்துவிட்டது என்று மட்டும் டயானிடம் சொன்னேன், பெயரை ரேச்சல் வந்ததும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். ரேச்சலுக்குப் போன் பண்ணுகிறேன், படமெடுக்க கேமராவையும் கொண்டுவருகிறேன் என்று துண்டைக் குனிந்துகூடப் பார்க்காமல் வெளியே போனார். நான் இடுக்கியால் அதை ஒற்றுத்தாளுக்கு மாற்றினேன். சந்தோஷத்தில் கை கொஞ்சம் முந்திக்கொண்டது. துண்டு நழுவித் தரையில் விழுந்தது. எட்டிப் பார்க்கக் காலை நகர்த்தினேன். ஷூ முனை அதில் பட்டது.

பிறகு நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள். குனிந்தேன். விரலால் எடுத்தேன். வலது கண்ணில் ஒற்றினேன், இடது கண்ணில் ஒற்றினேன்.

இங்கே யாருக்கும் இதை விளக்க முடியவில்லை, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எழுத்து இருக்கிற தாளில் கால் பட்டால் கை தானாகச் செய்கிற வேலை அது. இத்தனைக்கும் சிவகாசியில் எங்கள் வீட்டிலேயே அதில் இரண்டு கட்சி. அப்பா அச்சாபீஸில் கட்டிங் மெஷின் ஓட்டினார். தரையெல்லாம் வேஸ்ட் ஷீட், ஒவ்வொன்றிலும் முருகன், லட்சுமி. அம்மா சாப்பாடு கொண்டுபோனால் வாசலிலேயே நின்றுவிடுவாள். அப்பா சிரிப்பார்: "காலையில மெஷினத் தொட்டு ஒரு கும்பிடு போட்டாச்சு. ஒவ்வொரு ஷீட்டுக்கும் குனிஞ்சா ஒரு லோடுகூட வெளிய போகாது." அம்மா விடமாட்டாள்: "கால் பட்டா படிப்பு வராது. உங்களுக்கு வரல, புள்ளைகளுக்காவது வரட்டும்." நான் அம்மா கட்சியில் வளர்ந்தேன். படிப்பு வந்தது. அந்தப் படிப்புதான் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

துண்டு அப்போதுதான் பிரித்தது, ஈரம் காயவில்லை. என் இமையிலும் வியர்வை. எடுத்துப் பார்க்கும்போது துண்டில் எழுத்து இருந்த மேல் நாரைக் காணோம். வலது இமையில் மணல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. புரிந்துவிட்டது. அசையாமல் நின்றேன். கண்ணாடி முன்னால் போய் நின்றால் இடுக்கியால் எடுத்துவிடலாம், இதைவிடக் கஷ்டமானதெல்லாம் எடுத்திருக்கிறேன்.

அப்போதுதான் டயான் கதவைத் திறந்தார். நான் கண்ணில் ஒற்றியதைக் கதவின் கண்ணாடி வழியாகவே பார்த்திருக்கிறார். பாப்பிரஸில் பூஞ்சை இருக்கும், கண்ணில் பட்டால் உடனே கழுவ வேண்டும் என்பது விதி.

"டோன்ட் ரப் யுவர் ஐஸ்" என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

"வெயிட், வெயிட்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. 'என் இமையில் எழுத்து இருக்கிறது' என்பதற்கான ஆங்கிலம் அந்த நேரத்தில் எனக்கு வாய்க்கவில்லை. கண் கழுவும் குழாயில் தலையைக் குனிய வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். பதினைந்து நிமிஷம். அதுவும் விதி. இரண்டாயிரம் வருஷம் தாங்கிய எழுத்து முதல் நிமிஷத்திலேயே சாக்கடைக்குப் போயிருக்கும். மீதிப் பதினாலு நிமிஷம் என் கண்ணீரைத்தான் கழுவினார்கள்.

4

சம்பவ அறிக்கை என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்வாய். மூன்று கட்டம்.

ராத்திரிச் சமையலுக்கு முன் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் கையால் எழுதினேன். துண்டு விழுந்தது, கால் பட்டது, ஒற்றிக்கொண்டது, இமையில் நார் ஒட்டியது, நான் 'வெயிட்' சொன்னது, தண்ணீர், அந்த இரண்டு எழுத்துகள் என்னென்ன, அந்தப் பெயர். எல்லாம் எழுதினேன். இனி நடக்காமல் இருக்க என்ன செய்வாய் என்பதற்கு, 'உறுதி சொல்ல முடியாது, கை என்னைக் கேட்டுச் செய்யவில்லை' என்று எழுதினேன். அதுதான் உண்மை.

என் மகள் அனன்யாவுக்கு அப்போது பதினாறு வயது. என் ஆபீஸ் ஈமெயில்களை அவள்தான் பார்த்துத் திருத்துவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டின் ஆட்சிமொழிக் கொள்கை அது. காகிதத்தை வாங்கிப் படித்தவள் ஒரு வரியில் நின்றாள்.

"அம்மா, ஐ கெப்ட் இட் இன் மை ஐஸ்? வாட் டஸ் தட் ஈவன் மீன்?"

"ஒத்திக்கிட்டேன்டி."

"ஓகே, ஐ வில் ஃபிக்ஸ் இட்."

ஒரு மணி நேரம் டைப் பண்ணினாள். பிரின்ட் எடுத்து வந்து நீட்டியபோது நான் அடுப்பில் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தேன். "படிச்சிட்டியா, சரியா இருக்கா?" என்று கேட்டேன். "இட்ஸ் குட், மா" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். நான் பெற்ற பெண் எழுதியதை நான் எதற்குப் படிக்க வேண்டும்?

இந்த நாட்டில் எங்களை மாதிரி அம்மாக்கள் செய்கிற தப்பு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். வங்கிக் காகிதம், இன்சூரன்ஸ், பள்ளிக்கூடத்துக் கடிதம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அது காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். பிள்ளை நம்மைப் பார்த்துக்கொள்கிறது என்று பெருமை வேறு.

5

பத்து நாளில் என்னை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, ரொம்ப மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பெட்டிகளுக்குப் பார்கோடு ஒட்டுகிற வேலை. இன்றைக்கும் அதுதான். அன்றிலிருந்து என் விரல் ஒரு பாப்பிரஸைத் தொடவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நடக்கும் பயிற்சியில், பெயர் சொல்லாமல், என் கண்ணும் ஒரு பாடமாக வருகிறதாம்.

நான் பார்கோடு அறைக்குப் போன முதல் வாரமே ரேச்சல் அங்கே வந்தார். கதவைச் சாத்திவிட்டு, துண்டில் எதையாவது பார்த்தாயா என்று மெதுவாகக் கேட்டார். பார்த்தேன் என்றேன். இரண்டு எழுத்துகளையும் ஒரு ஸ்டிக்கரின் பின்பக்கம் வரைந்து காட்டினேன். பெயரைச் சொன்னேன். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு டயானிடம் ஓடினார்.

அரை மணியில் இருவரும் திரும்பி வந்தார்கள். டயான் கையில் என் அறிக்கை. எட்டாவது வரியை விரலால் காட்டினார். 'துண்டில் எழுத்து எதையும் நான் கவனிக்கவில்லை.' கீழே என் கையெழுத்து.

இமையில் ஒட்டியது அதில் இல்லை. 'வெயிட்' சொன்னது இல்லை. கண் கழுவியது இல்லை. இனி நடக்காமல் இருக்க மறுபயிற்சி எடுத்துக்கொள்வேன் என்று இருந்தது.

ரேச்சல் என்னைப் பார்த்தார். "ஐ பிலீவ் யூ, மீனா. பட் ஐ கான்ட் பிரின்ட் இட்" என்றார். கையெழுத்துப் போட்டு ஒன்று, வாயால் வேறொன்று. நானாக இருந்தாலும் அச்சடித்திருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் அனன்யாவைக் கேட்டேன்.

"எழுத்தப் பாத்தேன்னு எழுதுனேன்ல. எதுக்குடி பாக்கலன்னு போட்ட?"

எழுத்தைப் பார்த்தேன் என்றால் அதன் மதிப்பு தெரிந்தே அப்படிச் செய்தேன் என்று ஆகுமாம், அது இன்னும் மோசமாம். தண்ணீர் விட்டதைச் சொன்னால் டயானைக் குற்றம் சாட்டுவதாக ஆகுமாம். கூகிளில் பார்த்தாளாம். "ஐ வாஸ் சேவிங் யுவர் ஜாப், அம்மா" என்று அழுதாள். பதினாறு வயதுப் பிள்ளை. அடிக்கக் கை ஓங்கிவிட்டு இறக்கினேன்.

மறுநாள் போய், அது என் பெண் எழுதியது, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வெட்கம். பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஒரு பக்க ஆங்கிலம் சொந்தமாக எழுதிக் கொடுக்க முடியவில்லை என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. என் மானம் ஒரு பக்கம், எங்கேயோ பிழைக்கப் போன ஒருவனின் பெயர் ஒரு பக்கம். மானம் ஜெயித்தது.

6

அனன்யா இப்போது கல்லூரியில் மூன்றாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வீட்டுக்கு வந்தாள். மேஜையில் இருந்த புத்தகத்தைப் புரட்டி, நன்றிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"யுவர் நேம் இஸ் நாட் ஹியர்."

"நூத்துப் பன்னெண்டாம் பக்கம் பாரு."

பார்த்தாள். சதுர அடைப்பையும் கீழ்க்குறிப்பையும் படித்தாள். மஞ்சள் ஒட்டுத்தாளையும் படித்துவிட்டு, "தேர் இஸ் ஸ்டில் டைம்" என்றாள். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனில் டைப் பண்ண ஆரம்பித்தாள். பத்து நிமிஷம். போனை என்னிடம் கொடுத்தாள்.

இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் படித்தேன். ரேச்சலுக்கும் டயானுக்கும் எழுதிய ஈமெயில். அம்மா எழுதியதை நான் மாற்றினேன், அவருக்குத் தெரியாது, அவர் எழுத்தைப் பார்த்தார், முதலிலிருந்தே உண்மையைத்தான் எழுதியிருந்தார் என்று அழகான ஆங்கிலத்தில் இருந்தது. முடிவில் அவளுடைய முழுப் பெயர். கடிதம் எழுதியவன் பெயருக்கு மட்டும் நடுவில் இடம் விட்டிருந்தாள்.

"வாட் வாஸ் ஹிஸ் நேம்? நீ சொல்லு, ஐ வில் ஃபில் இட் இன்" என்றாள்.

நடுவில் வந்த அந்த இரண்டு தமிழ்ச் சொல்லுக்காக நான் உருகியிருக்க வேண்டும். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அடுத்த வருஷம் அவள் லா ஸ்கூலுக்கு அப்ளை பண்ணப் போகிறாள். இன்னொருத்தர் கையெழுத்திட்ட வாக்குமூலத்தை நான் மாற்றினேன் என்று அவள் பெயரோடு ஒரு காகிதம் எங்கேயோ கிடக்கும். இந்த ஊரில் காகிதம் சாகாது. அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

"வேண்டாம் அனு. புக் வந்தாச்சு. விட்டுரு" என்றேன்.

"ஆர் யூ ஷ்யூர்?"

"ஷ்யூர்தான்."

தலையாட்டினாள். போனை வாங்காமல், நானே அழிக்கட்டும் என்று நின்றாள். அழித்தேன். அவள் மூச்சு இறங்கியது காதில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டிரையர் சத்தம் போட்டது, போய்த் துணியை மடித்தாள். மௌரி அவென்யூ இந்தியக் கடையில் வாங்கி வைத்திருந்த முறுக்குப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, "லவ் யூ, மா" என்று கிளம்பிப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அவள் அன்றைக்கு எனக்காகச் செய்ததைத்தான் நான் இன்றைக்கு அவளுக்காகச் செய்தேன். என்மேல்தான் கோபம். முதல் தடவை அவனை அழிக்கத் தண்ணீராவது வேண்டியிருந்தது. இந்தத் தடவை என் விரல் மட்டும் போதுமாக இருந்தது.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. டயான் படிக்க மாட்டார், ரேச்சல் படிக்க மாட்டார். என் பெண்ணுக்கும் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருஷம் கொண்டுபோய் விட்டேன், 'ஊ' வரைக்கும் வந்தாள். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

நாலு கடிதம் எழுதியும் வீட்டிலிருந்து பதில் வராத அந்த ஆளின் பெயர் டோரியோன்.